ஊர் மாறிய ஆண்டில் ஒரு வீட்டுப் பள்ளி

என் கணவருக்குக் காற்றாலை நிறுவும் வேலை. ஓர் இடத்தில் கோபுரங்கள் எழும்பி, இறக்கைகள் பூட்டி, மின்சாரம் ஓடத் தொடங்கிவிட்டால் அவருடைய குழுவுக்கு அங்கே வேலை முடிந்தது. அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பல ஆண்டுகளாக அவர் மட்டும் போய்வந்தார். நானும் பிள்ளைகளும் நாகர்கோவிலில் இருந்தோம். சென்ற ஆண்டு அடுத்தடுத்துக் குறுகிய வேலைகள் என்று தெரிந்ததும், எல்லாரும் சேர்ந்தே போவது என்று முடிவு செய்தோம். முதலில் கயத்தாறு, பிறகு கர்நாடகத்தில் சித்ரதுர்கா, கதக், கடைசியில் குஜராத்தின் கட்ச்.

மகளுக்கு ஆறாம் வகுப்பு வயது, மகனுக்கு இரண்டாம் வகுப்பு வயது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளியில் சேர்த்திருந்தால் ஒரே ஆண்டில் தமிழ், கன்னடம், குஜராத்தி என்று மூன்று மாநிலப் பாடத்திட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வந்திருப்பார்கள். அதனால் வீட்டிலேயே பாடம் நடத்தினேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள், ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்ல. வேலை காரணமாக ஊர் ஊராக மாறும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குப் பயன்படும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேள்விப்படும் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆவது பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, அதற்கென்று தனி வழி வகுக்கவும் இல்லை.

ஊர் மாறுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவுகள் வேறு. பள்ளியில் படிக்காமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கிய பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆவது பிரிவு. பள்ளி மாற விரும்பினால் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 5ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கக் கூடாது என்கிறது 15. ஒருவேளை நடு ஆண்டில் ஏதேனும் ஓர் ஊரில் பள்ளியில் சேர்க்க நேர்ந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்ற தைரியத்தை எனக்குத் தந்தவை இந்த நான்கு பிரிவுகள்.

பிள்ளை வளர்ந்துவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். 1989இல் தன்னாட்சி நிறுவனமானது. 14 வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள் போதும். தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும். எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, தேறிய பாடத்தின் மதிப்பெண் சேமிப்பில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் மாமனாருக்கு, “படிப்பு பாழாய்ப் போயிருமே மக்களே” என்ற கவலை குறைந்தது.

கிளம்பும் முன் பள்ளியில் மாற்றுச் சான்றிதழும், பிள்ளையின் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) வாங்கிக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பழைய மதிப்பெண் அட்டை எல்லாம் ஒரே கோப்பில். இருவருக்கும் தேதி போட்ட நோட்டு ஒன்று: அன்று நடத்திய பாடம், செய்த கணக்கு, படித்த புத்தகம். நாளைக்கு எந்தத் தலைமையாசிரியர் கேட்டாலும் எடுத்து வைக்க அது இருக்கிறது.

ஏறிப் போகும் பாடமும் எங்கும் தொடங்கும் பாடமும்

ஊர் மாறும் ஆண்டில் நடத்தத் தொடங்கியபோது எனக்குத் தெளிவானது இது: எல்லாப் பாடமும் ஒரே மாதிரி அல்ல. கணக்கும் மொழியும் படிக்கட்டு. ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் கால் இடறும். பின்னம் புரியாதவளுக்குச் சதவீதம் புரியாது. வல்லினம் மிகும் இடம் தெரியாமல் எழுதிப் பழகியவளை இரண்டாண்டு கழித்துத் திருத்துவது சிரமம். அறிவியலும் சமூக அறிவியலும் அப்படி அல்ல. ஆறாம் வகுப்பில் எந்தப் பாடத்தை முதலில் நடத்தினாலும் பெரிய இழப்பில்லை.

ஆகவே கணக்கையும் தமிழையும் தமிழ்நாட்டுப் பாடநூல் வரிசையிலேயே, ஒரு பாடம்கூட முன்பின் மாற்றாமல், எந்த ஊரிலும் தொடர்ந்தோம். புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் காணொளி வந்துவிடும். பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. மற்றப் பாடங்களுக்கு ஊரையே புத்தகமாக்கினேன்.

கயத்தாற்றில் வரலாறு தானாக வந்தது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது, நினைவிடம் இருக்கிறது. சித்ரதுர்காவில் ஏழு சுற்றுக் கோட்டை. ஹைதர் அலியின் வீரர்கள் பாறை இடுக்கு வழியாக நுழைந்தபோது உலக்கையால் எதிர்த்து நின்ற ஓபவ்வையின் கதையை வீட்டுக்காரப் பாட்டி கன்னடத்தில் சொல்ல, பிள்ளைகள் பாதி சொல்லிலும் பாதி சைகையிலும் புரிந்துகொண்டார்கள். அந்தக் கோட்டை மலை மேல் மழைநீரைத் தேக்கிய குளங்களைப் பார்த்த மகள், கட்சுக்குப் போன பிறகு தோலாவீராவில் ஹரப்பா மக்கள் அமைத்த பெரிய நீர்த்தேக்கங்களைக் கண்டதும், “அம்மா, இவங்களும் மழையைத்தான் சேமிச்சிருக்காங்க” என்றாள். ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில் இருந்த இரண்டு ஊர்களை அவளே இணைத்துக்கொண்டாள்.

கதக் பக்கத்தில் கணகினஹாள் என்றொரு கிராமம். இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்று 1905இல் அங்கேதான் தொடங்கியது. மகளுக்கு வட்டிக் கணக்கின் முதல் பாடத்தை அந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். உழவர்கள் ஏன் ஒன்றுகூடிக் கடன் கொடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கந்துவட்டிக் கணக்கே விடை சொன்னது.

இடம் மாறுகிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் பாடமும் ஒன்று உண்டு. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால், அந்தப் பிடி வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கயத்தாற்றில் அது ஒரு பிடி உயரத்துக்கும் சற்றுக் கீழே, தெளிவான இரவில் மட்டும் தெரிந்தது. சித்ரதுர்காவில் ஒன்றரைப் பிடி. கட்சில் இரண்டு பிடிக்கும் மேலே நின்றது. கட்சின் பூஜ் நகருக்குச் சற்று வடக்கேதான் கடக ரேகை போகிறது. பூமி உருண்டை என்பதை என் மகன் தன் கையாலேயே அளந்து தெரிந்துகொண்டான்.

நேரமும் அப்படியே. இந்திய நேரத்தின் அடிப்படை 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. ஒரு டிகிரி மேற்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் பிந்தும். கயத்தாற்றைவிடப் பூஜில் உச்சி வேளை அரை மணி நேரத்துக்கு மேல் பிந்துகிறது. முற்றத்தில் குச்சி நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தை மகள் குறித்துவந்தாள். எல்லாருடைய கடிகாரமும் ஒன்றே காட்ட, வெயில் மட்டும் ஏன் வேறு கணக்கில் போகிறது என்பதை அந்த நிழலே விளக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அவளுடைய அப்பாவுக்கு. 60 மீட்டர் இறக்கை நிமிடத்துக்கு 12 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி என்ன வேகத்தில் போகும்? ஒரு சுற்று சுமார் 377 மீட்டர். 12 சுற்றுக்கு 4,524 மீட்டர். மணிக்கு 271 கிலோமீட்டர்! தூரத்திலிருந்து நிதானமாகச் சுற்றுவதாகத் தெரியும் இறக்கை, நம் நாட்டில் ஓடும் எந்த ரயிலையும் தோற்கடிக்கும் வேகத்தில் போகிறது என்று கண்டதும் தானாகவே வேறு நீளங்களுக்குப் போட்டுப் பார்த்தாள். வட்டத்தின் சுற்றளவை அதன்பின் அவளுக்கு நினைவூட்ட வேண்டி வரவில்லை.

மாறாத காலை

இவ்வளவும் நடக்க, பிள்ளைகளுக்கு மாறாத ஒன்று வேண்டும். வீடு மாறுகிறது, தெரு மாறுகிறது, கடைக்காரர் பேசும் மொழி மாறுகிறது. அதனால் காலையை மட்டும் மாற்றவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கணக்கு. அதன்பின் தமிழில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது. பிறகு ஒரு பக்கம் எழுதுவது. மதியம் வெளியே. இரவு நான் கதை வாசிப்பேன்.

புதிய வீட்டில் சாமான் இறங்கியதும் முதலில் பிரிப்பது பிள்ளைகளின் தகரப் பெட்டியை. இந்திய வரைபடம் சுவரில் ஏறும். முதல் நாளில் புதுப் பாடம் கிடையாது, நன்றாகத் தெரிந்த பழைய பாடம்தான். ‘இந்த ஊரிலும் எனக்கு வருகிறது’ என்ற நம்பிக்கை வந்துவிட்டால் புதியதைத் தொடங்குவது எளிது.

வீட்டில் கொடுக்க முடியாதது தோழமை. சின்னவன் கதக்கில் பல நாள் யாரோடும் பேசவில்லை. தெருவில் கோலி விளையாடிய பையன்களோடு போய் நிற்கவே அவனுக்குத் தயக்கம். மாலை நேரத்தை முழுக்க விளையாட்டுக்கே விட்டேன். நானும் வாசலில் உட்கார்ந்தேன். எண்ணிக்கையில் தொடங்கியது அவனுடைய கன்னடம்: ஒந்து, எரடு, மூரு. மகள் நாகர்கோவில் தோழிகளுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்த நாள்களில் வீடே களைகட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இல்லாத இடத்தில் வீட்டுக் கல்வியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரியவர்களில் ஒருவருடைய நாள் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படி ஒருவர் வீட்டில் இருக்க வாய்ப்பில்லாத குடும்பங்களே இடம்பெயர்கிறவர்களில் அதிகம். கட்சின் சிறு ரண் என்னும் உப்புப் பாலையில் உப்பு எடுக்கும் அகரியாக்கள் மழை முடிந்ததும் குடும்பத்தோடு பாலைக்குள் போய்விடுவார்கள், பல மாதம் அங்கேதான். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளும் ஆண்டில் பாதியைச் சொந்தப் பள்ளிக்கு வெளியே கழிக்கிறார்கள். சூளைப் பக்கத்திலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்தும் பணியிடப் பள்ளிகள் அங்கே நடந்திருக்கின்றன. பெற்றோர் போகும் இடத்துக்குப் பள்ளியும் போக வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் சரி. நான் என் இரண்டு பிள்ளைகளுக்குச் செய்ததை அந்தப் பிள்ளைகளுக்கு அரசு செய்ய வேண்டும்.

வரும் ஜூனில் இருவரும் நாகர்கோவிலில் மீண்டும் பள்ளியில் சேர்கிறார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையோடு உட்கார ஒருவர் இருக்கிறாரா? போகும் இடத்தில் விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்களா? திரும்பிச் சேர்வதற்கான காகிதங்கள் கையில் இருக்கின்றனவா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், அந்த ஊர் அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தயங்காமல் கூட்டிச் செல்லுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து இரவுச் சோறு சாப்பிட்ட ஓர் ஆண்டு என் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. படிப்பை விடாமலே அதைக் கொடுக்க முடியும் என்பதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.