தன்வலிமையா, திருவருளா? அகதிகளிடையே மூண்ட ஒரு பழைய வழக்கு

கி.பி. 410ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், அலாரிக் என்னும் கொத்தியர் தலைவனின் படை உரோமாபுரிக்குள் புகுந்தது. மூன்று நாட்கள் சூறையாடிவிட்டு வெளியேறியது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக அந்நியப் படை எதுவும் கால் வைத்திராத நகரம் அது. அங்கிருந்தவர்கள் சிசிலிக்கும், வட ஆபிரிக்காவின் கார்த்தேஜுக்கும், பாலஸ்தீனத்துக்கும் கப்பலேறினார்கள். பெத்லெகேமில் எசேக்கியேல் நூலுக்கு விளக்கவுரை எழுத அமர்ந்திருந்த புனித ஜெரோம், நேற்றுவரை செல்வர்களாய் வாழ்ந்தோர் தம் மடத்து வாசலில் கையேந்தி நிற்பதைக் கண்டு, எழுத்தை நிறுத்தி அவர்களைக் கவனிக்கலானார்.

கிறிஸ்தவ வாழ்வில் மனிதன் தன் வலிமையை நம்புவதா, இறைவன் அருளையே சார்ந்திருப்பதா என்ற கேள்வி நமது ஞாயிறு மறையுரைகளில் அடிக்கடி கேட்கப்படுவதுதான். ஆனால் திருச்சபையின் வரலாற்றில் அது பெரும் வழக்காக மூண்டது இந்த அகதிக் கூட்டத்தின் நடுவே என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. வழக்கின் ஒரு பக்கத்தில் நின்றவர் தாமே ஓர் அகதி. மறுபக்கத்தில் நின்றவரோ அகதிகள் வந்து இறங்கிய கரையின் ஆயர்.

முதலாமவர் பெலாஜியுஸ். பிரித்தானியத் தீவில் பிறந்து உரோமையில் நெடுங்காலம் வாழ்ந்த துறவி. அவரைத் தீயவராகச் சித்திரிப்பது பிற்காலத்தவர் வழக்கம். நாம் அதற்கு உடன்படோம். பெயரளவில் கிறிஸ்தவர்களாகிச் சொகுசில் திளைத்த உரோமைப் பிரபுக்களைக் கண்டு மனம் கொதித்தவர் அவர். இறைவன் கட்டளையிட்டிருக்கிறான் என்றால் அதை நிறைவேற்றும் ஆற்றலையும் மனிதனின் இயல்பிலேயே வைத்திருக்கிறான். ஆகவே ‘என்னால் முடியவில்லை’ என்பது வெறும் சாக்கு என்பது அவருடைய போதனையின் சாரம். திருக்குறளின் ‘ஆள்வினை உடைமை’ அதிகாரத்தை மனனம் செய்து வளர்ந்த நமக்கு இக்குரல் அந்நியமாய்த் தோன்றாது.

இரண்டாமவர் ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரமே அந்த ஹிப்போ. ‘ஒப்புதல்கள்’ என்ற தம் நூலில், இறைவன் எதைக் கட்டளையிட்டாலும் அதைச் செய்யும் வலிமையையும் அவனே தரவேண்டும் என்ற கருத்தில் அவர் ஒரு மன்றாட்டை எழுதியிருந்தார். அந்த வரியை உரோமையில் ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்ட பெலாஜியுஸ் பொறுக்கமாட்டாமல் வாதிட்டார் என்று அகுஸ்தீனே பின்னாளில் குறித்திருக்கிறார். இருவரும் நேரில் அமர்ந்து பேசியதில்லை. 411இல் கார்த்தேஜ் நகரில் ஓரிரு முறை அந்த முகத்தைக் கண்டதாக அகுஸ்தீன் சொல்கிறார், அவ்வளவுதான்.

வழக்கு ஏட்டளவில் நிற்காமல் ஒரு வீட்டுக்குள்ளும் புகுந்தது. உரோமையின் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த புரோபா என்ற கைம்பெண், மருமகள் யூலியானாவோடும் பேத்தி தெமேத்திரியாவோடும் கார்த்தேஜில் தஞ்சம் புகுந்திருந்தார். அகதிகளிடம் பணம் பறித்த ஆபிரிக்க ஆளுநன் ஹெராக்கிலியானின் கொடுமையை ஜெரோம் எழுதிவைத்திருக்கிறார். வழித்துணையென்று வந்தவனே மடியை அவிழ்த்த கதைகளைக் கேட்டிருக்கும் நம்மவர்க்கு அதை விரிக்க வேண்டியதில்லை.

413ஆம் ஆண்டளவில் இளம்பெண்ணான தெமேத்திரியா திருமணத்தை மறுத்துக் கன்னியாகத் தன்னை இறைவனுக்கு அர்ப்பணித்தாள். பாலஸ்தீனத்திலிருந்து பெலாஜியுஸ் அவளுக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். குலப்பெருமையும் செல்வமும் பிறர் உனக்குத் தந்தவை. ஆன்மீகச் செல்வத்தை மட்டும் உனக்கு நீயன்றி வேறெவரும் தர முடியாது என்ற கருத்து அதில் இருந்தது. எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு பெண்ணுக்கு இது எத்தகைய உற்சாகத்தை அளித்திருக்கும்! பறிக்கவியலாத ஒன்று உன்னிடம் இருக்கிறது என்கிறார் அல்லவா?

ஆனால் அகுஸ்தீன் சில ஆண்டுகளின் பின் யூலியானாவுக்கு எழுதியபோது சரியாக இந்த இடத்தில்தான் விரலை வைத்தார். அச்செல்வம் அவளுக்குள் இருப்பது உண்மை. அது அவளிடமிருந்தே தோன்றியது என்பதுதான் பிழை என்றார். முன்னதாகப் பாட்டியார் புரோபா எவ்வாறு செபிப்பது என்று கேட்டபோது, எவ்வளவு செல்வம் மிஞ்சியிருந்தாலும் இவ்வுலகில் ஆதரவற்றவளாகவே உன்னை எண்ணிக்கொள், அப்போதுதான் உன் செபம் செபமாகும் என்ற பொருள்படப் பதில் எழுதியிருந்தார். கடுமையான பதில்தான். ஆயினும் ஆதரவற்ற நிலையை மூடி மறைக்கச் சொல்லாமல், அதையே செபத்தின் வாசலாக்கிய பதில்.

இப்பழைய வழக்கை நாம் இங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த நம் சமூகத்தில் இப்போது பெலாஜியுஸின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. வதிவிட அனுமதி பெற்று, இரண்டு வேலை செய்து, கடனடைத்து, வீடு வாங்கியவர் ‘என் முயற்சி’ என்கிறார். அதில் குற்றமில்லை. ஆனால் அதே வாயால், புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு மனமுடைந்தவனையும், குடியில் விழுந்தவனையும், கட்டிலை விட்டு எழ மனமின்றிக் கிடப்பவளையும் பார்த்து, ‘முயன்றால் முடியாதா?’ என்கிறார். கோயில் வாசலிலும் இதைக் கேட்கிறோம். முடியாமை என்பது சாக்கு என்று கொண்டுவிட்டால், விழுந்தவனிடம் சொல்வதற்கு வேறு வார்த்தை எஞ்சுவதில்லை. அகுஸ்தீனுக்கோ திருச்சபை, நல்ல சமாரியன் காயமுற்றவனைக் கொண்டுசேர்த்த சத்திரம். அங்கே காயக்காரனை எழுந்து நடக்கச் சொல்லி எவரும் அதட்டுவதில்லை.

வழக்கு முடிந்த விதம் நமக்கு உவப்பானதன்று. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. பேரரசன் ஹொனோரியுஸோ உரோமையிலிருந்து அவரை நாடு கடத்த ஆணையிட்டான். அருளைப் பற்றிய வாதத்தை அருளேயில்லாத முறையில் தீர்த்தார்கள்! அதன்பின் அம்மனிதர் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார்.

இறைவனையே சார்ந்திருப்பது கைகட்டி அமர்ந்திருப்பதாகுமா? அகுஸ்தீன் அவ்வாறு வாழவில்லை. சிறைப்பட்டோரை மீட்கவும் ஏழைகளுக்கு உதவவும் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கச் செய்தார் என அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான ஆயர் பொசிதியுஸ் எழுதுகிறார்.

நம்மவர் பலரை உள்ளூர அரிக்கும் மற்றொரு கேள்வியும் உண்டு. ஆண்டவன் காப்பான் என்று நம்பியிருந்தால் ஓடி வந்திருக்கலாமா? 429இல் வண்டாலர் படை ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து ஆபிரிக்காவுக்குள் இறங்கிய நாட்களில், ஹொனோராத்துஸ் என்ற ஆயர் ஏறத்தாழ இதையே அகுஸ்தீனிடம் கேட்டார். தமஸ்குவில் தம்மைத் தேடியபோது புனித பவுல் கூடையில் மதிலிறங்கித் தப்பினார். நம் ஆண்டவரே குழந்தையாக எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆகவே தப்பியோடுவது தன்னளவில் பாவமாகாது என்பது அகுஸ்தீனின் பதில். மக்கள் தங்கியிருக்க, அவர்களுக்கு அருட்சாதனங்கள் வழங்க வேறு எவரும் இல்லாதபோது, மேய்ப்பன் ஓடலாகாது என்பதே அவர் இட்ட வரம்பு.

அவர் ஓடவில்லை. 430இல் வண்டாலர் ஹிப்போவை முற்றுகையிட்டனர். நகருக்குள் வேறு ஊர்களிலிருந்து தப்பி வந்த ஆயர்கள் நிறைந்திருந்தார்கள். பொசிதியுஸும் அவர்களில் ஒருவர். ஒருநாள் உணவு மேசையில் அகுஸ்தீன் தம் வேண்டுதலை அவர்களிடம் சொன்னார். இறைவன் இந்நகரை விடுவிக்கட்டும். அது அவன் சித்தமல்லவெனில், அதைத் தாங்கும் வலிமையைத் தன் ஊழியர்க்குத் தரட்டும். இல்லையேல் என்னை எடுத்துக்கொள்ளட்டும் என்பதே அது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களைப் பிரதியெடுத்துக் கட்டிலின் எதிரே சுவரில் மாட்டச் சொன்னார். நாற்பதாண்டு காலம் பிறருக்குப் போதித்தவர், மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையும் தவிர எவரையும் உள்ளே விடாமல், பத்து நாட்கள் அவற்றை வாசித்து அழுதுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28ஆம் நாள் இறந்தார். மதிலுக்கு வெளியே அப்போதும் படை நின்றிருந்தது.