மசக்கை வாந்தி நிக்கலையா? கண் ஆடினால் உஷார்! குளுக்கோசுக்கு முன்னால் "பி1" ஊசி ஏன்?

எண்ணூர்:

"மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும். நாங்க எடுக்காத வாந்தியா?" வீட்டுக்கு வீடு மாமியார்கள் சொல்லும் வார்த்தை இது. பெரும்பாலான பெண்களுக்கு நாலாம் மாசம், அஞ்சாம் மாசம் வந்தால் வாந்தி தானாக நின்றும் விடுகிறது.

ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி இல்லை. குடித்த தண்ணீர்கூட தங்காது. எடை மளமளவென்று குறையும். டாக்டர்கள் இதை "ஹைப்பர்எமிசிஸ்" என்கிறார்கள். இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட், 2012 டிசம்பரில் லண்டன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது இதனால்தான்.

அரண்மனைக்கே அந்த கதி என்றால், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் பக்கம் கேட்கவே வேண்டாம். மீன் வாடை, கம்பெனிப் புகை வாடை பட்டாலே குமட்டும். சோறு இறங்காமல் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிற பெண்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

3 வாரம்தான் தாங்கும்

நாம் சாப்பிடும் சோறு, சர்க்கரை எல்லாம் உடம்பில் எரிந்து சக்தியாக மாற "தயமின்" என்ற வைட்டமின் பி1 வேண்டும். ஒரு நாளைக்குத் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். உடம்பில் இருக்கும் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம். சாப்பாடு உள்ளே போகாவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் அது காலி.

பி1 தீர்ந்ததும் முதலில் அடி வாங்குவது மூளையும் நரம்பும்தான். இதற்கு "வெர்னிக்கே" நோய் என்று பெயர். ஜெர்மனி டாக்டர் கார்ல் வெர்னிக்கே 1881-ல் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அவர் எழுதிய 3 நோயாளிகளில் 2 பேர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள், ஆசிட் குடித்ததால் ஓயாமல் வாந்தி எடுத்த 20 வயது தையல்காரப் பெண். குடிகாரர்களுக்கு வரும் நோய் என்று பேர் வாங்கினாலும், வாந்தி எடுப்பவர்களையும் அது விடாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கண்தான் காட்டிக்கொடுக்கும்

* கருவிழி தானாக ஆடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பார்வை மங்கும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது.

* நடந்தால் தள்ளாடும். காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்து நடப்பார்.

* பேச்சு குழறும், ஆள் குழம்பும், நேற்று நடந்தது மறக்கும்.

மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. ஒன்று வந்தாலே போதும், ஓடவேண்டும். "சாப்பிடாததால் மயக்கம்", "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். கரு கலையலாம். தாயின் உயிருக்கே ஆபத்து.

குளுக்கோஸ் ஏற்றும் முன்

"ஒரு பாட்டில் ஏத்தினா சரியாப் போயிடும்" என்று தெருமுனை கிளினிக்குக்குப் போவது வழக்கம். இங்கேதான் கவனம் தேவை. குளுக்கோஸ் உள்ளே போனதும் அதை எரிக்க பி1 வேண்டும். மிச்சம் மீதி இருந்ததும் அதிலேயே தீர்ந்து, நோய் திடீரென முற்றிவிடும்.

அதனால் நாள்கணக்கில் சாப்பிடாத கர்ப்பிணிக்கு முதலில் பி1 ஊசி, அதன்பிறகோ அதோடு சேர்த்தோ குளுக்கோஸ் என்பதுதான் முறை. குளுக்கோசே கூடாது என்று அர்த்தம் இல்லை. உப்புத் தண்ணீர் பாட்டிலான "சலைன்" ஏற்றுவதற்கும் இந்தப் பயம் இல்லை.

ஊசி விலை குறைவுதான். நேரத்தில் போட்டால் கண் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சரியாக ஆரம்பிக்கும். நடை சரியாக வாரங்கள், மாதங்கள் ஆகும்.

சத்து மாத்திரை போதாதா?

கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரையில் பி1 கிடையாது. வாந்தி நிற்காதபோது எந்த மாத்திரையும் வயிற்றில் தங்காது. அதனால்தான் ஊசி.

வாந்தி மட்டுப்பட்டவர்கள் புழுங்கல் அரிசிச் சோறு, கேழ்வரகு, பாசிப்பயறு, வேர்க்கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்குவதால் பச்சரிசியைவிட புழுங்கல் அரிசி மேல். அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் பி1 போய்விடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் பி1 உடம்பில் சேருவது குறையும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

ஒரு நாள் முழுக்க தண்ணீர்கூட தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றாலே காத்திருக்க வேண்டாம். எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்கு ராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்லியும் உண்டு. வண்டிக்கு 108.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடப் போகிறவர் மறக்காமல் இதைச் சொல்லவேண்டும்: "இத்தனை வாரமா வாந்தி, இத்தனை நாளா சோறு இல்லை, இத்தனை கிலோ இறங்கியிருக்கு, கண்ணு ரெண்டா தெரியுதுன்னு சொல்றா. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பி1 ஊசி போடணுமா டாக்டர்?"