சோற்றைக் குறைத்தேன்... பலமும் குறைந்தது!



உடம்பு குறையணும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மறுநாள் அடுப்படியில் தலை சுற்றி உட்கார்ந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வயது 37. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. 154 சென்டிமீட்டர் உயரத்துக்கு 74 கிலோ! ரத்தம் சோதித்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. "வாசல்ல வந்து நிக்குது, உள்ளே விடாதீங்க" என்றார் டாக்டர். என் அம்மா சர்க்கரையால் கால் விரலை இழந்தவர். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாளே பட்டினி தொடங்கினேன். காலையில் வெறும் டீ, மத்தியானம் கொஞ்சம் கஞ்சி, ராத்திரி ஒரு ஏத்தம்பழம். இரண்டே மாதத்தில் 6 கிலோ குறைந்தது. எல்லோரும் "மெலிஞ்சிட்டியே!" என்றார்கள். ஆனால் குடத்தைத் தூக்கினால் கை நடுங்கியது, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எத்தனை நாள் தாங்க முடியும்? பழையபடி சாப்பிட ஆரம்பித்தேன். நாலே மாதத்தில் 75 கிலோ. போனதும் வந்தது, ஒரு கிலோ வட்டியோடு!

அப்போதுதான் என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தாள். பிசியோதெரபி படித்தவள். "மாமி, நீங்க குறைச்சது கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் சேர்த்துத்தான்" என்றாள். புரதச்சத்தும் இல்லாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையும் கரைத்துக்கொள்ளுமாம். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் பெரும் பங்கை வாங்கிச் செலவழிப்பதே தசைதானாம். அது குறைந்தால் சர்க்கரைக்கும் நல்லதில்லை. அதனால் சாப்பாட்டைக் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே பளு தூக்க வேண்டும் என்றாள்.

"பளுவா! நான் தினமும் தண்ணீர்க் குடம் தூக்குறேனே?" என்றேன். "அதே குடம், அதே பாரம். உடம்புக்குப் பழகிப்போச்சு. பாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கூடினாத்தான் தசை வளரும்" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்கு வந்ததே கோபம்! "பெண்பிள்ளை பாரம் தூக்கினா அடி எறங்கிடும். எனக்கு எறங்கி, ஆபரேசன் பண்ணினது தெரியாதா மக்ளே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே மரச்சீனிச் சுமட்டைத் தலையில் வைத்து மார்த்தாண்டம் சந்தைக்கு நடந்தவர். பெற்றது ஆறு பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் பேசாமல் நின்றோம்.

பேத்தி பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். கர்ப்பப்பை இறங்க, பல பிரசவம், பிரசவித்தபின் ஓய்வில்லாமல் பெரிய பாரம் சுமப்பது, தீராத இருமல், முக்க வைக்கும் மலச்சிக்கல் எல்லாமே காரணமாகலாம். "பாட்டிக்கு ஓய்வு கொடுக்க அன்னைக்கு யாருமில்ல. மாமி முதல்ல டாக்டரைப் பாக்கட்டும், அப்புறம் சின்னதா ஆரம்பிக்கட்டும்" என்றாள். அப்படியே ஒரு லேடி டாக்டரிடம் போனேன். சோதித்துவிட்டு, இறக்கம் எதுவும் இல்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையைச் சுருக்கி விடும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. தினம் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. எட்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 160 கலோரி! சீனியை அடியோடு விட்டேன். மத்தியானச் சோற்றில் 100 கிராம் குறைத்தேன். அதில் 130 கலோரி. சாயங்கால ஏத்தங்காய் சிப்ஸை நிறுத்தினேன். மீன் கறிக்கு அரைக்கும் தேங்காயைப் பாதியாக்கினேன். அதில் மிஞ்சிய கணக்கில் ஒரு முட்டையும், ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறும், கூடுதலாக ஒரு துண்டு மீனும் சேர்த்துக்கொண்டேன். பசி என்னை வாட்டவில்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி அளவுக்குக் குறைய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தினம் 250, 300 என்று குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோ இறங்கும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்துக்கு அரை கிலோ வரை குறைவதே பாதுகாப்பு என்கிறது. ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்றும் சொல்கிறது. நான் கஞ்சி குடித்துக் கிடந்தது எவ்வளவு தப்பு, பாருங்கள்!

அடுத்தது பளு. வாரத்தில் மூன்று நாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் அரை மணி நேரம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டுதான் என் முதல் பளு. அதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதுகு வளையாமல் இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது. பாட்டிலை இடுப்புப் பக்கம் இழுப்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று சுற்று. தூக்கும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக்கூடாது. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் பாரத்தைக் கூட்டலாம். ஐந்து கிலோ அரிசிப் பை, பிறகு பத்து, இப்போது பதினைந்து. மற்ற நாட்களில் சப்பாத்துப் பாலம் வரை நடக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடை போன்ற பயிற்சியோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது.

"ஆம்பிள மாதிரி ஆகிடுவே" என்று பயம் காட்டினார்கள். பெண்களுக்கு அந்த ஹார்மோன் மிகக் குறைவு. அவ்வளவு லேசில் புஜம் திரளாது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாரே கர்ணம் மல்லேஸ்வரி, அவரும் பெண்தானே! இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கமே பளுதூக்கலில்தான். நம் பக்கத்து நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள். பொள்ளாச்சி கிட்டம்மாள் பாட்டி 2024-ல், தன் 82-வது வயதில், கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ தூக்கினார். நமக்கு அரிசிப் பை பாரமா?

ஒன்பது மாதம் ஆயிற்று. எடை 66. இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டரிலிருந்து 86. சர்க்கரை 5.6. நடுவில் ஒரு மாதம் எடை இம்மியும் இறங்கவில்லை. அழுகை வந்தது, ஆனால் அந்த மாதமும் ஜாக்கெட் தளர்ந்தது. அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள், இஞ்சு டேப்பையும் எடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதய நோய், ரத்தக் கொதிப்பு, அடியிறக்கம், முதுகுவலி உள்ளவர்களும், சமீபத்தில் பிரசவம் அல்லது ஆபரேசன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

என் மாமியார்? முதல் மாதம் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது திண்ணையில் உட்கார்ந்து "எட்டு... ஒம்பது..." என்று எண்ணுகிறார். போன வாரம் சொன்னார்: "அன்னைக்கு எனக்கு இப்படி யாராவது சொல்லியிருந்தா..." மேலே பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் பெண்மக்களுக்காவது நாம் சொல்லுவோமே, சகோதரிகளே!

– ஒரு வாசகி, குழித்துறை.