வீடு திரும்பிய நோயாளரும் இல்லச் சந்திப்பும்

மருத்துவமனையில் நோயாளரைச் சந்திப்பது நம் சபைகளில் வேரூன்றிய வழக்கம். அறுவை சிகிச்சை நாளன்று ஆயரும் உற்றாரும் கட்டிலைச் சூழ்ந்து நிற்பர். பழங்களும் ரொட்டியும் வந்து குவியும். நோயாளர் வீடு திரும்பியதும், சுகமாகிவிட்டார் என்றெண்ணி அனைவரும் தத்தம் அலுவலுக்குத் திரும்பிவிடுவர். உண்மையில், பல நோய்களில் கடினமான காலம் அன்றுதான் தொடங்குகிறது. அக்காலத்தில் இல்லச் சந்திப்பு எதற்காகத் தேவை, அது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் நிகழ்வது

மருத்துவமனையில் வேளை தவறாமல் மருந்து கொடுத்தவர் செவிலியர். அப்பொறுப்பு ஒரே நாளில் மனைவியின் கையிலோ மருமகளின் கையிலோ வந்து விழுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பு உட்கொண்ட மாத்திரையையும், அதே மருந்து வேறு வணிகப் பெயரில் எழுதப்பட்ட புதிய மாத்திரையையும் ஒருங்கே விழுங்குவோர் உண்டு. இரத்த அழுத்தம் தணிந்தவுடன் இனி மருந்து எதற்கு என நிறுத்துவோரும் உளர். பக்கவாதத்தால் படுத்தவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்குப் படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால், அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைத் தாக்கக்கூடும். இவை மருத்துவரின் அறையில் எளிதில் வெளிப்படா. வீட்டின் அடுக்களையையும் படுக்கையையும் கண்டவருக்கே புலனாகும்.

வரலாறு தரும் பாடங்கள்

இல்லப் பராமரிப்பு இரண்டாந்தரமானது என்னும் எண்ணத்தை அசைத்த ஆய்வொன்று சென்னையிலேயே நடந்தது. 1956-இல் இங்குத் தோன்றிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளர்களுள் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவர்தம் வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து அளித்தது. சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் இருந்தன. வீடுகளில் நெருக்கடியும் குறைந்த உணவுமே இருந்தன. ஆயினும், 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை.

எனினும், அந்நோயாளர் மருந்துடன் கைவிடப்படவில்லை. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். மருந்தைப் பெற்றவர் அனைவரும் அதனை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்னும் உண்மை அப்போது தெளிவாயிற்று.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலரைப் பயிற்றுவித்து, வீடுதோறும் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் இல்லத்திற்கே கொண்டுசெல்கிறது. சபையின் சந்திப்பு இவற்றிற்கு மாற்று அன்று; துணையேயாகும்.

சந்திப்பவர் மனங்கொள்ள வேண்டியவை

முதலாவது, நோயாளரின் இசைவு. காசநோய், எச்.ஐ.வி., மனநோய் ஆகியவற்றில், கூட்டமாகச் செல்வதே அண்டை வீட்டாருக்கு நோயை அறிவித்துவிடும். இசைவின்றிப் பொது மன்றாட்டில் நோயின் பெயரைக் கூறுதல் தீங்கு.

இரண்டாவது, கண்டும் கேட்டும் அறிதல். மாத்திரைகளைக் காட்டச் சொல்லலாம். அடுத்த மருத்துவச் சந்திப்பின் நாளையும் பேருந்துச் செலவுக்குப் பணம் உண்டா என்பதையும் கேட்கலாம். மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஐயம் எழுந்தால் செவிலியருக்கோ மருத்துவருக்கோ அறிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பவரை நினைத்தல். "அம்மா, நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்னும் கேள்விக்குப் பல வீடுகளில் கண்ணீரே விடையாக வரும். ஒரு மணி நேரம் நோயாளர் அருகே நாம் அமர்ந்து, அவரை உறங்கச் செய்வது நீண்ட ஆறுதலுரையினும் மேலான உதவி.

நான்காவது, ஜெபத்தை மருந்துக்கு எதிராக நிறுத்தாதிருத்தல். மாத்திரை உட்கொள்வது விசுவாசக் குறைவு என்று ஒருவர் சொல்லிச் சென்ற சொல், அவர் சென்ற பின்னும் அவ்வீட்டில் தங்கிவிடுகிறது. இன்சுலினையே நம்பி வாழும் நீரிழிவு நோயாளர் அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விடுவோருக்கு இடைவிடாத வலிப்பு வரக்கூடும். ஜெபித்தவரே, "மருந்தையும் தவறாமல் உட்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, நோயாளரின் மனப்போராட்டம் பெரிதும் தணியும்.

நல்ல சமாரியனின் உவமையில், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டிய செயலையே நாம் மிகுதியாகப் போதிக்கிறோம். அவனோ சத்திரத்தில் இரவு தங்கிப் பராமரித்தான். மறுநாள் மேற்கொண்டு ஆகும் செலவுக்குப் பணம் கொடுத்தான். தான் திரும்பி வருவதாகவும் கூறிச் சென்றான். நோயாளர் வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒருமுறையும், உற்றார் வருகை ஓய்ந்தபின் மறுமுறையும் அவர் வாசலில் நாம் நிற்போமாயின், அவ்வுவமையின் பிற்பகுதியையும் கற்றவராவோம்.