சேலஞ்ச் வீடியோவா? வயிற்றைப் பந்தயம் வைக்காதீங்க!

திருநெல்வேலி டவுணில் என் வைத்தியசாலைக்கு ஒரு தாயார் தன் 19 வயது மகனை அழைத்து வந்தார். "ராத்திரி பூரா வாந்தி ஐயா. என்னன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கான்" என்றார். தனியாக விசாரித்தேன். "10 நிமிஷத்துல 12 பரோட்டா ஐயா. சேலஞ்ச் வீடியோ எடுத்தோம். 40 பேருதான் பார்த்திருக்காங்க. அடுத்த தடவை 20 சாப்பிட்டாத்தான் எடுபடும்" என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயிற்றின் கதையைக் கேளுங்கள். 'போதும்' என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் அவசரமாக விழுங்கினால் அளவு மீறிவிடும். மெல்லாமல் விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சித்த மருத்துவம் பசித்த பிறகு, அளவோடு, நன்றாக மென்று சாப்பிடச் சொல்வது சும்மா இல்லை.

தண்ணீர்கூட எமனாகும். 2007-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலிப் போட்டிக்காக அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்த பெண் இறந்து போனார். இரத்தத்தில் உப்புச் சத்து சட்டென்று குறைந்து போவதே இதற்குக் காரணம். 2023-ல் அதே நாட்டில், கடும் காரமான ஒற்றை சிப்ஸைத் தின்னும் சேலஞ்சில் 14 வயதுப் பையன் இறந்தான். அவனுக்கு இதயக் கோளாறு இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. நம் பிள்ளைகளுக்குள் என்ன இருக்கிறதென்று நமக்கு மட்டும் தெரியுமா?

"அப்போ சேனலை மூடிரவா ஐயா?" என்று அந்தப் பையன் கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்தின் பரோட்டாப் பந்தயம் நினைவிருக்கிறதா? அதில் நாம் சிரித்தது எண்ணிக்கைக்காகவா? கணக்கில் வந்த தகராறுக்குத்தானே! அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவல்தான் ஆட்களை உட்கார வைக்கிறது.

அந்த ஆவலை உண்டாக்கச் சில வழிகள்:

1. பந்தயம் என்ன, நேரம் எவ்வளவு என்பதை முதல் 10 விநாடிக்குள் சொல்லிவிடுங்கள். நீட்டி முழக்கினால் பார்க்கிறவர் போய்விடுவார்.

2. முடிவு கடைசி வரை தெரியக்கூடாது. இடையில் கடிகாரத்தைக் காட்டுங்கள்.

3. தோற்றால் தோற்றதாகவே காட்டுங்கள். அந்த நேர்மைக்காகவே மறுபடியும் வருவார்கள்.

4. பார்க்கிறவரும் செய்யக்கூடிய பந்தயமாக இருக்கட்டும். 2014-ல் ஹைதராபாத்தில் மஞ்சுலதா கலாநிதி என்ற பத்திரிகையாளர் 'ரைஸ் பக்கெட் சேலஞ்ச்' ஆரம்பித்தார். ஏழைக்கு ஒரு வாளி அரிசி கொடுத்து, அடுத்தவரையும் கொடுக்கத் தூண்டவேண்டும், அவ்வளவுதான். நாடெங்கும் பரவியது!

இன்னொன்று. உயிருக்கு ஆபத்தான சேலஞ்ச் வீடியோக்களுக்கு 2019-லேயே யூடியூப் தடை போட்டுவிட்டது. உடம்பையும் கெடுத்து, வீடியோவும் போனால் என்ன லாபம்?

பையனுக்கு நான் சொன்ன யோசனை இது. கண்ணைக் கட்டிக்கொண்டு, அஞ்சறைப் பெட்டிச் சாமான்களை வாசனையை வைத்தே சொல்லணும். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. எதிராளி வீட்டுப் பாட்டி! மிளகாய்ப் பொடி, மிளகுப் பொடியை மட்டும் மூக்குக்கிட்டே கொண்டு போகாதீர்கள். இன்னொன்று வேண்டுமா? நெல்லையப்பர் கோயிலின் நாலு ரத வீதியையும் 21 நாள் தவறாமல் நடந்து சுற்றி வருவது. ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து கணக்கு!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திட்டினால் பிள்ளைகள் ஒளித்துச் செய்வார்கள். "என்ன வீடியோப்பா எடுக்கே?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தின்னு முடித்த பிறகு மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, இரத்த வாந்தியோ கண்டால் கஷாயம், ஓமத்தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.