கடலில் மீட்கப்பட்ட 155 பேர்

பரளச்சிக் கரிசலில் வாழும் நமக்குக் கடலும் தூரம், கனடாவும் தூரம். ஆயினும் குல்லூர்சந்தை முகாமில் ஈழ அகதிகளைக் கண்டு பழகியவர்கள் நாம். எனவே 1986 ஆகஸ்ட் 11-ஐ நாமும் நினைவுகூர்வது தகும். அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர் கஸ் டால்டனும் பிற மீனவர்களும் மீட்டனர்.

கரைசேர்ந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகக் கூறினர். மேற்கு ஜெர்மனியில் கப்பலேறியது பின்னர் தெரியவர, கனடியர் பலர் சினந்தனர். பொய் பொய்தான், ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிறந்த பொய். அரசு அவர்களைத் தங்கி வேலைசெய்ய அனுமதித்தது.

இதே கனடாதான் 1914-இல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரில் பெரும்பாலோரை வான்கூவரிலேயே திருப்பி அனுப்பியது. அதற்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல். அதே ஆண்டு, மீட்கப்பட்டோரில் சிலர் நியூபவுண்ட்லாந்து சென்று டால்டனைச் சந்தித்து நன்றி கூறினர்.