சென்னையின் பாப்திஸ்து சபைச் சரித்திரம்

அசோக் நகரில் மெட்ரோ ரயிலேறி எழும்பூரில் இறங்கி, வேப்பேரிப் பக்கமாக நடக்கிறவர்களில் பலர், தெலுங்கு ஜில்லாக்களில் பெருகி வளர்ந்த பாப்திஸ்து இயக்கத்துக்கும் இப்பட்டணத்துக்கும் உள்ள நெடுநாளைய சம்பந்தத்தை அறிந்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சரித்திரத்தில் சென்னை முதலில் ஒரு வழித்துறையாகவே தோன்றுகிறது. 1812 செப்டம்பரில் கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் முழுக்கு ஸ்நானம் பெற்ற அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும், கம்பெனி அதிகாரிகளின் எதிர்ப்பினால் அங்கே நிலைக்க இயலாமல் மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, 1813 ஜூனில் சென்னை வந்து, இங்கிருந்தே ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். பின்னர் 1837-இல் இங்கே வந்த மிஷனரி சாமுவேல் டே, மறு வருஷம் ஆங்கிலம் பேசுவோரைக் கொண்டு இங்கே ஒரு சபையைக் கூட்டினார்; ஆயினும் தெலுங்கு ஜனங்களுக்கென்றே வந்தவராகையால், 1840-இல் நெல்லூருக்குக் குடிபெயர்ந்தார். அந்த நெல்லூரில் பல்லாண்டு உழைத்த லைமன் ஜூவெட், 1878-இல் சென்னைக்கு வந்து, இந்நகரத்துத் தெலுங்கரிடையே ஊழியத்தைத் தொடங்கினார்.

அது தாது வருஷப் பஞ்சம் ராஜதானியை வாட்டி ஓய்ந்த சமயம். ஓங்கோலில் இருந்த மிஷனரி ஜான் கிளஃப், அப்பஞ்ச காலத்தில், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நாம் தினந்தோறும் கடந்து செல்லும் அதே பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதியில் 3½ மைல் வெட்டும் குத்தகையை ஏற்று, பசித்து வந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கிடைக்கச் செய்தார். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பழிச்சொல் எவர்மீதும் விழலாகாது என்று கருதி, நிவாரண வேலை நடந்த காலமெல்லாம் ஞானஸ்நானம் கொடுப்பதையே அவர் நிறுத்தி வைத்திருந்தார். பின்பு 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஸ்நானம் பெற்றனர்.

பிறப்பாலும் அன்று, பிழைப்புக்காகவும் அன்று, சுய நிச்சயத்தினாலேயே ஒருவர் விசுவாசியாக வேண்டும் என்ற அந்த வைராக்கியமே பாப்திஸ்து சபை வாழ்வின் ஜீவநாடி. ஆகையால் இச்சபைகளில் குழந்தைகளுக்கு ஸ்நானம் இல்லை. ஆலயத்துக்குள்ளேயே அதற்கான தொட்டி அமைந்த இடங்களில், ஸ்நான நாளன்று இடுப்பளவு நீர் நிரப்புவார்கள். வெள்ளுடை உடுத்தவர் படியிறங்கி நின்று, சபையார் கேட்கத் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டபின், போதகர் அவர் முதுகைக் கையால் தாங்கிப் பின்புறமாகச் சாய்த்து, நீரில் முழுவதும் அமிழ்த்தி எடுப்பார். படிக்கட்டில் காத்திருக்கும் உறவினர் துண்டை விரித்து அணைத்துக்கொள்வார்கள். போதகரை அழைப்பதும், டீக்கன்மாரைத் தேர்ந்தெடுப்பதும், காணிக்கைக் கணக்கைப் பரிசீலிப்பதும் அங்கத்தினர் கூடித் தீர்மானிக்கும் காரியங்கள். உயர்குலத்தார் ஏறிட்டும் பாராத ஏழை ஜனங்களுக்கு, சபைக் கூட்டத்தில் கிடைத்த அந்த ஒரு வாக்குரிமை எத்துணைப் பெரிய கௌரவம்!

இந்தக் கௌரவத்தின் சாட்சியங்கள் கற்சுவர்களில் இருப்பதைக்காட்டிலும் ஸ்நானப் பதிவேடுகளிலும், விவாகப் பதிவேடுகளிலும், சபைக் கூட்டக் குறிப்புகளிலுமே மிகுதியாக இருக்கின்றன. காகிதம் சென்னையின் ஈரக்காற்றுக்கும் கரையானுக்கும் நெடுநாள் தாங்காது. ஆதலால், பழைய சபைகளின் மூப்பர்களும் வாலிபர்களும் தங்கள் அலமாரிகளைத் திறந்து, அந்த ஏடுகளைப் படமெடுத்து, பிரதி செய்து, பத்திரப்படுத்தும் வேலையை இவ்வருஷமே தொடங்க வேண்டுகிறோம்.